பக்கத்துச் சேறும் தூரத்து முதலையும்: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு குடும்ப நடை

பள்ளி விடுமுறை தொடங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை, எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வாக்குவாதம் ஆரம்பமாகிவிட்டது. ஷா ஆலாமில் இருக்கும் கொழுந்தனார் குடும்பத்தோடு வருகிறார். "இந்தத் தடவை பேரங்காடி வேண்டாம் அண்ணி. பிள்ளைங்கள எங்கயாவது நடக்கக் கூட்டிட்டுப் போவோம். சதுப்பு நிலம் மாதிரி ஒரு இடம். நண்டு, பறவை எல்லாம் பாக்கட்டும்" என்று எழுதினார். அவ்வளவுதான், ஆளுக்கோர் இடத்தைப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் புத்ராஜெயா என்றார். பதினொரு வயது மகனுக்கு முதலை இருக்கும் இடம்தான் வேண்டும், அதாவது டிங்கில் பக்கத்துப் பாயா இண்டா. கொழுந்தனார் மனைவி கோல செப்பெத்தாங் படங்களை வரிசையாக அனுப்பினாள். நான் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா என்றேன். "அதுவா, அது பக்கத்துலதானே இருக்கு" என்று ஒரே வரியில் என்னை ஒதுக்கிவிட்டார்கள்.

பக்கத்தில் இருப்பது ஒரு குற்றமா? அந்த எரிச்சலில் நாலு இடத்தையும் எடுத்து வைத்து ஒப்பிட்டேன். நாலுக்கும் வெவ்வேறு காலத்தில் போயிருக்கிறேன். ஒன்றுக்குப் பள்ளிச் சுற்றுலாவில், ஒன்றுக்குக் கல்யாணமான புதிதில், மற்ற இரண்டுக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு. எங்களைப் போலவே சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயா, இஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் இருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். மற்ற ஊர்க்காரர்கள் தூரக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் கூட்டம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். என் மாமியாருக்கு வயது 72. இருபது வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர், பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். இரண்டு முழங்காலும் அதிலேயே தேய்ந்துவிட்டன. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் பக்கவாட்டில்தான் இறங்குவார். கொழுந்தனார் பிள்ளை தள்ளுவண்டியில். என் மகளுக்கு ஐந்து வயது, அவள் ஓடுவாள், திடீரென்று உட்கார்ந்துவிடுவாள், அதற்குப்பிறகு தூக்கத்தான் வேண்டும். மகனுக்கு எதுவும் பெரிதாக இருந்தால்தான் பிடிக்கும்.

மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இது: "முப்பது வருசம் சம்பளம் வாங்கிக்கிட்டு நடந்தேன். இப்ப நாம காசு குடுத்து நடக்கணுமா தாயி?"

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள்

மலையேற்றச் செயலிகள் தூரத்தையும் ஏற்றத்தையும் சொல்லும். சதுப்பு நிலத்தில் ஏற்றம் ஏது? எல்லாப் பாதையும் "சுலபம்" என்றுதான் காட்டும். அதை நம்பிப் போனால் பத்தரை மணி வெயிலில் பாதி வழியில் நிற்பீர்கள், குழந்தை அழும், தண்ணீர் தீர்ந்திருக்கும்.

நான் பார்ப்பது வேறு. முதலாவது நிழல். கடலோர அலையாத்திக் காட்டில் மரங்கள் தலைக்கு மேல் கூடி நிற்கும். நன்னீர்ச் சதுப்பில் பெரும்பாலும் கோரையும் தாமரையும் திறந்த நீரும்தான், நம் தலைக்கு மேல் வானம் மட்டும். இரண்டுக்கும் "சதுப்பு நிலம்" என்று ஒரே பெயர், நடப்பவருக்கு இரண்டும் இரண்டு உலகம். அடுத்தது, நினைத்த இடத்தில் திரும்ப முடியுமா என்பது. வட்டப் பாதையில் பாதிக்கு வந்துவிட்டால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம்தான், முழங்கால் வலிக்காரருக்கு அது பொறி. மூன்றாவது கழிவறை. அதைப்பற்றி ஐந்து வயதுப் பிள்ளை உள்ள யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நான்காவது, தண்ணீர் எப்போது எங்கே இருக்கும் என்பது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு மாநிலத்தில், பெயர் வேண்டாம், ஓர் அலையாத்திக் காட்டுப் பலகைப் பாதையில் போனோம். முதல் நூறு அடி அழகாக இருந்தது. அப்புறம் ஒரு பலகை இல்லை, அடுத்து இரண்டு இல்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்குச் சட்டத்தில் கால் வைத்துத் தாண்டினேன். திரும்பும்போது கீழே சேறு தெரியவில்லை, தண்ணீர் தெரிந்தது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்காமல், அலை நேரம் பார்க்காமல் எந்தச் சதுப்புக்கும் கிளம்புவதில்லை.

புத்ராஜெயா: தள்ளுவண்டிக்கு ஏற்றது

புத்ராஜெயா சதுப்பு நிலப் பூங்கா இயற்கையாக வந்தது இல்லை, கட்டியது. 1997, 1998இல் சுவாவ், பீசா ஆறுகளை அணைகட்டி 24 பகுதிகளாகப் பிரித்து, நாணலும் கோரையும் நட்டு உருவாக்கினார்கள். நகரத்து ஏரிக்குப் போகும் நீரை இந்தச் செடிகள் வடிகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு தடுப்பையும் தாண்டும்போது நீரின் வேகம் குறையும், மண் அடியில் படியும், உரச்சத்தை வேர்கள் உறிஞ்சும். மகனுக்கு அறிவியல் பாடத்தில் வரும் வடிகட்டலை இங்கே நேரில் காட்டலாம்.

நமக்கு அதைவிட நெருக்கமான ஒரு சங்கதி உண்டு. புத்ராஜெயா எழும்பிய நிலம் முன்பு பெராங் பெசார் தோட்டமும் அதைச் சுற்றிய தோட்டங்களும். முதல் உலகப்போர் முடிந்து வந்த ஆங்கிலேய அதிகாரிகள் தொடங்கிய ரப்பர் தோட்டம் அது. தொண்ணூறுகளில் நகரம் வந்தபோது அங்கிருந்த தோட்டத் தமிழர்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அத்தைக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் அப்படிப் போனவர். முன்பு ஒருதடவை புத்ராஜெயா ஏரிக்கரையில் நின்றபோது அத்தை ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "இங்கதான் எங்கயாவது அவுங்க லயம் இருந்திருக்கும்" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அந்தத் தகவலை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

நடைக்கு வருவோம். பாதை தார் போட்டது, அகலமானது. தள்ளுவண்டி தடையில்லாமல் உருளும், சக்கர நாற்காலியும் போகும். மிதிவண்டி ஓட்டலாம். நாலில் அத்தையின் காலுக்கு மிக இதமானது இதுதான். நாரை, கொக்கு, நீர்க்கோழி எல்லாம் கண்ணில் படும்.

ஆனால் நிழல் இடையிடையேதான். ஒன்பதரைக்குமேல் தார்ப்பாதை சூட்டை மேலே அனுப்ப ஆரம்பிக்கும். எங்கள் ஊரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை ஏறிப் போனாலும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். அதாவது ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டுமானால் ஆறு மணிக்கு இங்கே பிள்ளைகள் பல் துலக்கி முடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நடக்காது. எட்டு மணிக்குக் கிளம்பி, வழியில் பசியாறி, பத்தரைக்கு வெயிலில் இறங்குவோம். ஷா ஆலாம், பூச்சோங், காஜாங் பக்கம் இருப்பவர்கள் இதையே எடுத்துக்கொள்ளலாம், நான் மறுப்பு சொல்ல மாட்டேன்.

பாயா இண்டா: மகனின் முதலை

டிங்கில் பக்கத்தில், ஈயம் தோண்டிய குழிகள் ஏரிகளாகிப்போன இடம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் பார்த்துக்கொள்கிறது. தாமரை மண்டிய ஏரிகள், முதலைக் குளம், போட்ஸ்வானா அரசு அன்பளிப்பாகக் கொடுத்த நீர்யானைகளுக்கான குளம் என்று பிள்ளைகளை ஈர்க்க நிறைய உண்டு. தோண்டிப் போட்ட மண்ணில் காடு திரும்ப வருவதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிலும் பழைய ஈயக் குளங்கள்தான். எங்கள் குளங்களில் நீர்யானை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது நடைப்பயணத்தைவிட விலங்கு பார்க்கும் பயணம். ஒரு குளத்துக்கும் இன்னொரு குளத்துக்கும் இடையே உள்ள தூரம் திறந்த வெளி, அதை மிதிவண்டியில் கடப்பதுதான் புத்திசாலித்தனம். காலையில் தாமரை விரிந்திருக்கும்போது செந்நாரை ஒன்று அசையாமல் நிற்பதைப் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் எங்கள் மகன் அதைப் பார்க்க மாட்டான். முதலை அசையாமல் கிடக்கும், "செத்துப்போச்சாம்மா?" என்று கேட்பான், பிறகு ஐஸ்கிரீம் கேட்பான். தூரமும் புத்ராஜெயா அளவுதான். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பம், மிதிவண்டி ஓட்டத் தெரிந்த பெற்றோர், இவர்களுக்கு நல்ல இடம். அத்தை மிதிவண்டியில் ஏறுவதாக இல்லை.

கோல செப்பெத்தாங்: ஒரு நாளில் அடங்காது

இந்த நாலில் பெரியது, பெருமைக்குரியது கோல செப்பெத்தாங்கைச் சுற்றியுள்ள மாத்தாங் அலையாத்திக் காடு. 40,000 ஹெக்டேருக்குமேல் பரந்தது. 1902இலிருந்து வனத்துறை திட்டமிட்டுப் பராமரிக்கிறது. பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களை ஏறக்குறைய 30 வருடச் சுற்றில் வெட்டி, மறுபடி நட்டு, கரி சுடுகிறார்கள். கவிழ்த்த பானைபோல் நிற்கும் அந்தக் கரிச்சூளைகளுக்குள் இருந்து வரும் புகை வாசம் சட்டையில் இரண்டு நாள் இருக்கும். கோல செப்பெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. பலகைப் பாதை மாத்தாங்கில் வனத்துறை வளாகத்தில் இருக்கிறது, நிழலுக்குப் பஞ்சமில்லை.

கொழுந்தனார் மனைவி சொல்வதில் தவறில்லை, போகவேண்டிய இடம்தான். ஆனால் எங்களுக்குப் போகவே மூன்று மணி நேரம் ஆகும். ஒரு மணி நேர நடைக்கு ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்தால் அத்தையின் கால் வீங்கிவிடும். தைப்பிங்கில் ஓர் இரவு தங்கி, ஏரிப் பூங்காவையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் டிசம்பர் விடுமுறையில் போகலாம் என்று அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் காட்டினாள்.

"ராஜா மூசாவுக்குப் போனா என்னம்மா?"

நடுவில் மகன் கேட்டது. நியாயமான கேள்வி. எங்கள் ஊருக்கு வடக்கே ராஜா மூசா வனக் காப்பகம் தொடங்கிவிடுகிறது. வட சிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காட்டின் ஒரு பகுதி. சதுப்பு நிலத்தின் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு சதுப்பு நிலத்தைத் தேடி ஊர் ஊராகப் போவானேன்?

அது பொழுதுபோக்கு நடைக்கான இடமில்லை என்பது பதில். வனக் காப்பகத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். மேலே நடப்பதுபோல் தோன்றும் தரை, ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த இலையும் வேரும். நீர் கோப்பி ஓ, அதாவது பால் கலக்காத கோப்பி நிறத்தில் இருக்கும், இலைச் சாயம் இறங்கியதால் வந்த நிறம். முன்பு மரம் வெட்டியபோது கட்டை இழுக்கத் தோண்டிய கால்வாய்கள் வழியே நீர் வடிந்துவிட்டால் அந்தத் தரை காய்ந்து, தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். வறட்சி மாதங்களில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஏறும் புகை நாற்றம் அங்கிருந்துதான். 2008இலிருந்து வனத்துறையும் ஓர் அரசு சாரா அமைப்பும் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள், எரிந்த இடத்தில் மரக்கன்று நடுகிறார்கள். அந்த நடுகை நாள்களில் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்வார்கள். மகனுக்கு இன்னும் இரண்டு வயது கூடட்டும், அப்போது நடுகைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன், எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. தென்னை மரத்தின் பெயர் வைத்த தோட்டத்தில் செம்பனை வந்து நாடு முழுவதும் பரவியது. அதற்காக வடித்த சதுப்புகள் எத்தனை என்று அத்தையிடம் கேட்டால், "எங்க பாத்தாலும் சாக்கடை வெட்டுனோம், வேற என்ன" என்பார்.

இனி என் கட்சி

கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் இருக்கிறது. 1987இல் மாநில அரசின் ஒத்துழைப்போடு மலேசிய இயற்கைக் கழகம் தொடங்கியது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் அதே சிலாங்கூர் ஆறுதான் அங்கே கடலைச் சேர்கிறது. நம் பாலத்தின் கீழே மிதந்த குச்சி என்றைக்காவது அந்தச் சேற்றில் ஒதுங்கும் என்று மகளிடம் சொன்னேன். அவள் அன்றே ஒரு குச்சியில் தன் பெயரை எழுதிவிட்டாள்.

இந்தப் பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மண்கரை. ஒரு காலத்தில் முழுக்க அலையாத்திக் காடாக இருந்த நிலத்தின் குறுக்கே கரை எழுப்பிக் கடலைத் தடுத்திருக்கிறார்கள். கரைக்கு உள்ளே உப்பு குறைந்து, வேறு மரங்கள் வந்து, இடையில் ஓர் ஏரியும் அமைத்துவிட்டார்கள். கரைக்கு வெளியே பழைய அலையாத்தி அப்படியே நிற்கிறது. கரைமேல் நடந்தால் இடப்பக்கம் ஒரு காடு, வலப்பக்கம் இன்னொரு காடு. கடலோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கரை பழக்கமானது. சென்ற தடவை அத்தை அதன்மேல் ஏறி நின்று, "இது பெரட்டுக்குப் போற பாதை மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு எங்களை எல்லாம் முந்திக்கொண்டு நடந்தார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். தட்டையான மண்பாதை, படி இல்லை, மேலே நிழல். தார்ப்பாதையைவிட முழங்காலுக்கு மண் நல்லது என்பது அவர் அபிப்பிராயம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஏரிக்கரையில் பறவை பார்க்கும் மறைப்புக் குடில்கள் இருக்கின்றன. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே இருந்து வலசை வரும் பறவைகள் கடலோரச் சேற்றில் இரை தேடும். மற்ற மாதங்களில் கொக்கும் மீன்கொத்தியும் மரங்கொத்தியும் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் கூட்டம் கண்ணில் படும். எங்களுக்கு ஒரேயொரு தடவை பட்டது, அதுவும் நான் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த நேரம்.

அலையாத்திக்குள் போகும் பலகைப் பாதைதான் பிள்ளைகளுக்கான இடம். பாக்காவ் மரத்தின் வேர்கள் சிலந்திக் கால்களைப்போல் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போல் தொங்கும், விழும்போது செங்குத்தாகச் சேற்றில் குத்திக்கொள்ளும். அப்பி-அப்பி மரத்தடியில் பென்சில் நட்டதுபோல் நூற்றுக்கணக்கான மூச்சு வேர்கள். இவற்றுக்கிடையே ஒரு கை மட்டும் பெரிதான நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். சேற்றில் தத்தும் பெலாச்சாக் மீனைப் பார்த்த என் மகள் "மீனுக்குக் கால் முளைச்சிருச்சு" என்று கத்தினாள். துடுப்பை ஊன்றி அது சேற்றின்மேல் நகர்வதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முதலை அசையாது, இந்த மீன் அசைந்துகொண்டே இருக்கும். மகனிடம் நான் வைத்த வாதம் இதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொசு. அதுவும் சாதாரணக் கொசு இல்லை, கால்சட்டை வழியாகக் கடிக்கும். முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கொசுத்தைலம் மூன்றும் கட்டாயம். தள்ளுவண்டியைப் பலகைப் பாதையில் தள்ள முடியாது. சக்கரம் இடுக்கில் மாட்டும், ஈரமானால் வழுக்கும். குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை வேண்டும். பலகைகளைப் பழுதுபார்க்கும் காலத்தில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள், அதனால்தான் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள் என்கிறேன். சிலிப்பர் போட்டு வராதீர்கள், சப்பாத்துதான். தேங்கிய நீரில் பிள்ளைகள் இறங்கக் கூடாது, எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் விளையாட்டுக் காரியமில்லை.

குரங்கு சங்கதி தனி. இங்கே இரண்டு வகை. வால் நீண்ட பழுப்புக் குரங்கு திருட்டுப் பயல், பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும். உணவை எல்லாம் முதுகுப்பைக்குள் மூடி வையுங்கள். இன்னொன்று லூத்தோங், வெள்ளிச் சாம்பல் நிறத்தில் சாதுவாக இருக்கும். அதன் குட்டி மட்டும் செம்மஞ்சள் நிறம், சில மாதங்களில் சாம்பலாகிவிடும். இலை தின்று வாழ்கிற விலங்கு அது. ரொட்டி நீட்டினால் வாங்கிக்கொள்ளும், வயிறு கெடும். நீட்டாமல் இருந்தால் நல்லது.

நாள்காட்டியும் ஓதமும்

கடலோரச் சதுப்புக்கு நாள் பார்க்கத் தமிழ் நாள்காட்டி உதவும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓதம் மிகவும் ஏறும், மிகவும் வற்றும். அட்டமி, நவமி பக்கம் ஏற்றமும் வற்றலும் சிறிதாக இருக்கும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். துல்லியமான நேரத்துக்குப் போர்ட் கிள்ளான் அலை அட்டவணையைப் பாருங்கள், கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

நண்டும் பெலாச்சாக்கும் வேண்டுமானால் தண்ணீர் வற்றும் நேரத்தில் பலகைப் பாதையில் இருக்க வேண்டும். நீர் ஏறிய நேரத்தில் போனால் வெறும் பழுப்பு நீரைப் பார்த்துவிட்டு வரலாம். "ஒண்ணுமே இல்ல அண்ணி அங்க" என்று கொழுந்தனார் சொன்னதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் போனது பௌர்ணமிக்கு மறுநாள், மாலை ஆறு மணிக்கு. வானிலையும் உண்டு. ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடி மழை வருவது வாடிக்கை, அதனால் எந்த நடையையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொரு வசதியை எதிரணியிடம் நான் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தேன். பூங்காவில் யாருக்காவது முடியாமல் போனால் அதே இடத்தில் புக்கிட் மெலாவத்தி இருக்கிறது. உச்சிக்கு டிராம் போகும். மேலே 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டையின் மிச்சம், காற்று. அத்தையும் தள்ளுவண்டியும் டிராமில் ஏறிக்கொள்ளலாம், நாங்கள் சேற்றுக்குப் போகலாம், பதினொரு மணிக்கு எல்லாரும் கீழே சந்திக்கலாம். மற்ற மூன்று இடத்திலும் கூட்டத்தைப் பிரித்தால் பாதிப்பேர் காரில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டும்வரை தெம்பு இருந்தால் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கலாம். எங்களுக்கு இருக்காது.

பொதுவாக யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன்: சக்கர நாற்காலி உண்டென்றால் புத்ராஜெயா, சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் பாயா இண்டா, இரண்டு நாள் கையில் இருந்தால் கோல செப்பெத்தாங். எங்களைப்போல் மூன்று தலைமுறை, ஒரே காலைப்பொழுது என்றால் கோல சிலாங்கூர்.

நேற்றிரவு இதையெல்லாம் குழுவில் போட்டேன். நீளமாக இருந்ததால் யாரும் முழுக்கப் படிக்கவில்லை என்பது தெரிகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் "வற்றம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஞாயிறு பத்து மணிக்கு மேல். அதனால் எட்டு மணிக்குப் பூங்கா வாசல், முதலில் ஏரிக்கரையும் மண்கரையும், ஒன்பதரைக்குப் பலகைப் பாதை. கொழுந்தனார் எங்கள் வீட்டுக்கு வந்து சுற்ற வேண்டாம், ஷா ஆலாமிலிருந்து கப்பார், ஜெராம் வழியாக நேரே வந்துவிடட்டும். பசியாற நான் இட்லியும் நெத்திலிச் சம்பலும் மூடி போட்ட டப்பாவில் கொண்டுவருகிறேன், பிளாஸ்டிக் பையில் யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம்.

அத்தை கொல்லைப்புறத்திலிருந்து தன்னுடைய பழைய ரப்பர் சப்பாத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நுழைவுக்கு எவ்வளவு வெள்ளி என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.